தும்மல் கேட்ட கல்யாணம்

கிள்ளானில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். கூடப் பிறந்தவர் அல்ல. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கணினிக் கடைக்குச் சாமான் வாங்க வந்து, என்னைத் திட்டித் திட்டியே அக்காவானவர். கல்யாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி வைப்பது அவர் தொழில். முகூர்த்த மாதத்தில் மேளக்காரர் கிடைக்காமல் தவிக்கும் வீடுகளுக்கு மேளத்தையும் மடிக்கணினியிலிருந்தே போட்டுவிடுவார். அந்தக் கணினிக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் ஒரு சின்ன ஒலிப்பெட்டி. பெட்டியும் கணினியும் பேசிக்கொள்வதற்கான டிரைவர் நிரலை எழுதியவன் நான். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. உடைத்து, ஒட்டி, மறுபடி உடைத்துக் கற்றதுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை, வடையை வாயில் வைத்த நேரத்தில், அந்தப் பெட்டி என் மேசையில் டொக்கென்று வந்து உட்கார்ந்தது.

“தம்பி, உன் பெட்டி என் மானத்த வாங்கிருச்சு.”

“என்னக்கா ஆச்சு?”

“நேத்து ஐயர் கையத் தூக்கி கெட்டிமேளம், கெட்டிமேளம்னாரு. நானும் கணினியில தட்டிட்டேன். ஒண்ணும் வரல! மாப்பிள்ள தாலி கட்றாரு, மண்டபமே கப்சிப். அந்த நேரம் பாத்து அவரோட பெரியப்பா போட்டாரு பாரு ஒரு தும்மல்... கடைசி வரிசையில இருந்தவனுக்கும் கேட்டுச்சுலா. அதுக்கப்புறம்தான் உன் மேளம் ஆடி அசஞ்சு வருது.”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. தாலி ஏறும் நொடியில் தும்மலோ வேண்டாத சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளமே கொட்டுகிறோம். மேளம் வராத அந்த இரண்டு நொடிக்குள் சொல்லிவைத்தாற்போல் ஒரே ஒரு சத்தம், அதுவும் தும்மல்.

“வர்ற ஞாயித்துக்கிழமை அதே மண்டபத்துல இன்னொரு கல்யாணம்,” என்றார் அக்கா. “பொண்ணோட அம்மா நேத்து முன்வரிசையில உக்காந்து எல்லாத்தையும் பாத்தவங்க. மறுபடி இப்படி ஆச்சுன்னா கிள்ளான்ல ஒரு மண்டபத்துலயும் என்ன உள்ள விடமாட்டாங்க. அந்தப் பொண்ணுக்கும் ஆயுசுக்கும் பேச்சு.”

திருடன் யாரென்று எனக்கு அப்போதே பாதி தெரியும். பத்து நொடி பாட்டு இல்லையென்றால் பெட்டி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். தூங்க வைத்தது நான்தான். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தாலிக்கு முன்னால் ஐயர் பாட்டை நிறுத்தச் சொல்லி மந்திரம் சொல்கிறார். பெட்டிக்கு அது தாலாட்டு.

ஆனால் கடையில் சோதித்தால் மேளம் நொடி தவறாமல் கொட்டியது. மூன்று நாள், எத்தனை முறை தட்டினாலும் அப்படியே. அக்காவிடம் போனில் சொன்னேன்.

“பிரிக்பீல்ட்ஸ்ல நல்ல பிள்ளையா இருந்து எனக்கு என்னா பிரயோசனம்? பெட்டியத் தூக்கிட்டு இங்க வா.”

வியாழக்கிழமை ரயிலேறிப் போனேன். அக்கா தன் சாமான் அறையில் கல்யாணமே ஏற்பாடு செய்திருந்தார். மைக் கம்பம் மணப்பெண். அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலை. தாலிக்குப் பதில் ஒரு துண்டு வயர். மாப்பிள்ளை, அக்காவின் வீட்டுக்காரர்; எனக்கு அண்ணன்.

“ரெண்டாங் கல்யாணமா? எனக்குச் சம்மதம்தான்,” என்றார் அவர். “பொண்ணு வாயத் தொறக்காது போலருக்கு.”

“சுவிட்ச் போட்டா தெரியும்,” என்றார் அக்கா.

அக்காவே ஐயராகிக் கையைத் தூக்கினார். மேளம் உடனே வந்தது. மறுபடி, மறுபடியும் வந்தது. அண்ணன் கம்பத்துக்கு எட்டாவது முறையாகத் தாலி கட்டியபோது அக்கா என்னைப் பார்த்தார்.

“தம்பி, கணினித் திரையில அந்தக் கறுப்பு ஜன்னல ஏன் எட்டி எட்டிப் பாக்குற?”

“பெட்டி தூங்குதான்னு அது சொல்லும்கா. அதுவே கேட்டுக் கேட்டுச் சொல்லும்.”

“தூங்கப்போற பிள்ளைகிட்ட தூங்கிட்டியா, தூங்கிட்டியான்னு கேட்டுக்கிட்டே இருந்தா அது எப்படிலா தூங்கும்?”

எனக்குக் காது சூடானது. தூங்குகிறதா என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் என் நிரல் பெட்டியைத் தொட்டு எழுப்பியிருக்கிறது. மூன்று நாளும் நானே காவலிருந்து, நானே அதைத் தூங்கவிடாமல் வைத்திருந்தேன். திரையில் அந்த ஜன்னலை மூடினேன். மனதுக்குள் பத்து எண்ணினோம். அக்கா கையைத் தூக்கினார், தட்டினார். அமைதி. அண்ணன் முடிச்சுப் போட்டு முடித்தார். பிறகு மேளம்.

“ஆ! வரல, வரல!” என்று நான் குதித்தேன். மேளம் வராததற்குக் குதித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பிழை வெட்கக்கேடாக எளிது. ‘எழுந்திரு’ என்று சொன்ன கையோடு என் நிரல் மேளத்தை அனுப்பிவிடுகிறது. எழுந்ததா என்று கேட்பதில்லை. அது கண்ணைத் திறப்பதற்குள் முதல் இரண்டு நொடி வீணாகிவிடும். கேட்டுவிட்டு அனுப்பும்படி திருத்தினேன். அப்படியும் மேளம் தாமதமாகத்தானே வரும்? அதனால் கணினி சுவர் மின்சாரத்தில் செருகியிருக்கும்வரை பெட்டி தூங்கவே கூடாது என்று இன்னொரு வரியும் சேர்த்தேன். மண்டபத்தில் மின்சாரத்துக்கா பஞ்சம்? அந்த வரியை முதல் நாளே எழுதியிருக்கலாம் என்பதை அக்காவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா எனக்கு ஒரே ஒரு கட்டளை போட்டார். “வா, சாப்பிடு. ஆனா கணினி பக்கம் வந்துறாத. நீ பாத்தாலே அது முழிச்சிக்கும்.”

நான் ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஐயர் பாட்டை நிறுத்தச் சொன்னார். பத்து எண்ணினேன்; பதினைந்து, இருபது. முன்வரிசையில் பெண்ணின் அம்மா, மகளைப் பார்க்காமல் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓமப்புகை நேராக என் மூக்குக்கு வந்தது. ஐயர் கையைத் தூக்கினார்.

மேளம் இடிபோல் இறங்கியது. அதே நொடியில் நான் தும்மினேன். ஒன்றல்ல, இரண்டு, அந்தப் பெரியப்பா தோற்றுப்போகும் தும்மல்கள். ஒருவரும் திரும்பவில்லை. பக்கத்து ஆன்டி என் தலைமேல் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே மகள் பக்கம் திரும்பினார்.

பந்தியில் அக்கா தானே வந்து என் இலையில் இன்னொரு வடை வைத்தார்.

“தம்பி, தாலி கட்டுறப்ப உன் வாய் ஏன் அப்படிப் பொளந்துச்சு?”

“சந்தோஷம்கா.”

அக்கா என் மூக்கையே பார்த்தார்.

“ரெண்டு தடவையா?”