வேலைக்குப் போகாதவளின் விசாக் கடிதம்: மன்னார்குடி முதல் திருப்பனந்தாள் வரை

கண்காணிப்பாளர் ஐயா, நீங்கள் எழுதிக் கொடுத்தது பொய். நான் இங்கிலாந்துக்கு வேலை பார்க்கப் போகவில்லை.

படிப்பவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியில் ஒரு தனியார் கல்லூரியில் நான் தாவரவியல் ஆசிரியை. கடைமடை உப்பு மண்ணில் நெல்லின் வேர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது என் ஆய்வு. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் தன் ஆய்வகத்தில் மூன்று மாதம் எனக்கு இடம் கொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள்தான் எல்லோரும். விமானம் ஏறப்போகிற முதல் ஆள் நான். சந்தோஷத்தில் பத்து நாளாகச் சரியாகத் தூக்கமில்லை.

ஆய்வுக்குச் சில மாதம் போகிற ஆசிரியர்களுக்கு விசா விதி நேரானது. அங்கே சம்பளம் வாங்கக் கூடாது. காலியாக இருக்கும் வேலையில் உட்காரக் கூடாது. இங்கே வேலையில் இருக்கிறோம், விடுப்பில் போகிறோம், முடித்ததும் திரும்பி வருவோம் என்று நம் கல்லூரி எழுதித் தர வேண்டும். அந்த ஒரு கடிதத்துக்குத்தான் இந்தப் பயணம்.

புதன்கிழமை, காலை 8.40. கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ஒட்டிய உறையை நீட்டினார்.

"பிரிக்காதீங்கம்மா. அப்படியே கொடுக்கணும்."

அவர் முன்னாலேயே பிரித்தேன். "மேற்படி ஆசிரியை வெளிநாட்டில் பணிபுரியச் செல்வதற்கு நிர்வாகத்துக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை" என்று ஆங்கிலத்தில் இருந்தது. விடுப்புத் தேதி இல்லை. திரும்பி வருவேன் என்றும் இல்லை. எதைச் செய்ய மாட்டேன் என்று நான் நிரூபிக்க வேண்டுமோ, அதைச் செய்யத்தான் போகிறேன் என்று எழுதியிருந்தார். மறுநாள் காலை 10.30க்குச் சென்னை விசா மையத்தில் எனக்கு நேரம். தவறவிட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. ஆய்வக இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

"மாத்தணும்னா செயலர் கையெழுத்து வேணும். அவரு திருப்பனந்தாள்ல கல்யாணத்துக்குப் போயிருக்காரு" என்றார். கல்லூரிப் பெயர் அச்சிட்ட தலைப்புத் தாள் இரண்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வேதியியல் குமரேசன் சார் தன் பைக்கில் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். போன வருடம் இதே மாதிரி ஆய்வுக்குப் போக விண்ணப்பித்து விசா மறுக்கப்பட்டவர்.

"கவுன்டர்ல இங்கிலீஷ்ல தைரியமா பேசுங்க மேடம். எனக்கு அங்கதான் வாய் வரல. பயண நோக்கம் நம்புற மாதிரி இல்லன்னு மட்டும் எழுதி மறுத்துட்டாங்க. இங்கிலீஷாலதான் போச்சுன்னு நம்ம ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார்.

காலை 9.20. கும்பகோணம் பஸ். சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் 36 ரூபாய். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் மூடியிருந்தது. இருபத்தைந்து நிமிடம். பக்கத்து இருக்கையில் வெற்றிலைக் கூடை வைத்திருந்த அக்கா என் மடியில் இருந்த பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டார்.

"எந்தூருக்குப் போறே?"

"இங்கிலாந்துக்கா."

"எம்மவன் சிங்கப்பூர்ல கிரேன் ஓட்றான். உனக்கு எவ்வளவு சம்பளம்?"

"சம்பளம் கிடையாதுக்கா."

அக்கா கூடையைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏஜென்ட் ஏமாத்திட்டானா?"

"ஏஜென்டே இல்லக்கா. படிக்கிற மாதிரிதான். நெல்லு வேரைப் பாக்கப் போறேன்."

முன்சீட்டுப் பெரியவர் திரும்பாமலே சொன்னார்: "நெல்லு இங்கதானே இருக்கு!"

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் கொஞ்சம் இறங்கியது.

வலங்கைமான் பக்கம் சாலையில் பாதியைக் குறுவை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. காலால் கிளறிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒரு மணிகூட நசுங்காமல் ஓரமாக ஓட்டினார். வலப்பக்கம் சம்பா நாற்றங்கால் பச்சை. ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்றைக்கு மட்டும் எல்லாவற்றிடமும் விடைபெற்றுக்கொண்டு போவதுபோல் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன்.

காலை 11.30. கும்பகோணத்தில் டவுன் பஸ் மாறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது ஆறு இரு கரையும் நிறைந்து ஓடியது. சோழபுரம் தாண்டித் திருப்பனந்தாள், பதினெட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். கடைத்தெருவில் டைப்பிங் கடை நடத்தும் பெண்ணிடம் தலைப்புத் தாளைக் கொடுத்துச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னேன். பதவி, சேர்ந்த தேதி, மூன்று மாத விடுப்பு, அங்கே ஊதியம் இல்லை, முடிந்ததும் இதே பணிக்குத் திரும்புவார். இரண்டு பிரதி, நாற்பது ரூபாய்.

"திரும்பி வருவீங்கன்னு அடிக்கவா? நெசமாவே வருவீங்களா?" என்றாள்.

"வருவேன். மண்ணு இங்கதானே இருக்கு."

மதியம் 1.10. கல்யாண மண்டபம். செயலர் பந்தியில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பெண் வீட்டார் என்னையும் இலைமுன் உட்கார்த்திவிட்டார்கள். "சாப்பிடாம எந்தப் பேச்சும் கிடையாது." விசாவுக்காகப் பாயசம் குடித்தேன். கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"சம்பளம் இல்லைங்கிறியேம்மா. அப்ப அவனுக்கு என்ன லாபம், உனக்கு என்ன லாபம்?"

"உப்பு மண்ணுல விளையிற நெல்லு கிடைச்சா நமக்குத்தாங்கய்யா லாபம்."

அவர் காரின் பானட்டில் வைத்து இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். "சீல் ஆபீஸ்ல வச்சுக்க." சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. நாயனக்காரர் எனக்கும் சேர்த்து வாசித்துவிட்டார்.

மாலை 4.50. திரும்பவும் கல்லூரி. நீங்கள் சீலை எடுத்துக் குத்தினீர்கள், ஐயா. சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"வெளிநாடு போறதுன்னா வேலைக்குத்தானேம்மா போவாங்க? நம்ம காலேஜ் பஸ் ஓட்டின என் மச்சான் குவைத் போனப்ப அடிச்ச கடிதம் அது. ஒரு தடங்கலும் இல்லாமப் போனான். நல்ல ராசியான கடிதம்."

"குமரேசன் சாருக்கு?"

"அவருக்கும் இதேதான். பேரை மட்டும் மாத்துவோம்."

கடிதக் கோப்பை வாங்கிப் பார்த்தேன். போன வருட நகல் இருந்தது. அதே வரி. அவருக்கும் ஒட்டிய உறையில்தான் கொடுத்திருந்தீர்கள். அவர் பிரிக்கவே இல்லை. நல்ல மனிதர், சொன்னதைக் கேட்டார். போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மாலை 6.45. பஸ் நிலையம். சென்னை பஸ்ஸுக்கு முன்னால் குமரேசன் சாரிடம் படத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"அப்ப... என் இங்கிலீஷ் காரணம் இல்லையா மேடம்?"

ஒரு வருடமாக அந்த மனிதர் தினமும் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறார். கல்லூரிப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருகிறார். அன்றைக்கும் அங்கிருந்துதான் வந்திருந்தார்.

மறுநாள் தாள்களைக் கொடுத்துவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. கவுன்டர் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: பேர் என்ன என்று. அதற்கு எந்த வகுப்பும் தேவையில்லை.

எங்கள் ஊரில் மேல்மடைக்காரர் தண்ணீரை அடைத்துக் கீழ்மடைப் பயிர் காய்ந்தால், வானத்தைக் குறை சொல்லித் தப்ப முடியாது. ஊர் நடுவில் நின்று பதில் சொல்ல வேண்டும். நீங்கள் மட்டும் எப்படித் தப்பினீர்கள்?

கண்காணிப்பாளர் ஐயா, வருகிற ஆசிரியர் கூட்டத்தில் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். எல்லோர் முன்னாலும், குமரேசன் சாரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: அவருடைய விசா யாருடைய ஆங்கிலத்தால் போனது?