கேள்வி கேட்காத கொம்பியூட்டர்

பூண்டுலோயா பஸ் நிலையத்துக்கு எதிரே பூரணி கொமினிகேஷன் கடை வைத்திருந்தாள். ஒரு டெலிபோன், இன்டர்நெட் பார்க்க ஒரு கொம்பியூட்டர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். காலையில் மாரியம்மன் படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் கொம்பியூட்டரைப் போடுவாள்.

சில பக்கங்களைத் திறந்தால் மேலே மஞ்சள் பட்டை ஒன்று வந்து, இந்தப் புரோகிராமை உள்ளே விடலாமா என்று இங்கிலீஷில் கேட்கும். தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு எதைக் கேட்டாலும் 'ஆமாங்க' என்றுதான் வாயில் வரும். விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டாலும் ஆமாங்க, வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையா எந்த மலைக்குப் போகச் சொன்னாலும் ஆமாங்க. மஞ்சள் பட்டைக்கும் அதே பதில்தான். ஆகவே பூரணியே எழுந்து வந்து, தெரியாததையெல்லாம் வேண்டாம் என்று அமுக்கிவிடுவாள்.

"தவறணைக்குள்ள கள்ளு குடிக்கப் போறதுக்குக்கூட இவ்வளவு கேள்வி இல்லம்மா," என்பார் பாட்டுக் கேட்க வரும் செல்லசாமி. "படம் ஓடமாட்டேங்குது, பாட்டு வரமாட்டேங்குது. வேணாம் வேணாம்னா எதுக்கு இந்தப் பொட்டி?"

அதுவும் நியாயமாகத்தான் பூரணிக்குப் பட்டது. ஹட்டனில் கொம்பியூட்டர் திருத்தும் ஜீவராஜைக் கூப்பிட்டாள். சின்னம்மா மகன். அரைமணி நேரம் எதையோ தட்டினான். அதற்குப் பிறகு மஞ்சள் பட்டை வரவே இல்லை. எல்லாம் தானாக ஓடியது.

"கள்ளப் புரோகிராம் உள்ள வராமக் காவல் இருக்குல்லடா?"

"அம்மன் படத்துக்கு முன்னால சொல்றேன்க்கா. காவல் அப்படியே இருக்கு."

சாமி பேரில் சொன்ன பிறகு சந்தேகப்பட அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாக்கண்ணு வருவாள். கொழுந்து பறிப்பவள். மகள் நிஷாந்தி லெபனானில் வீட்டு வேலை செய்தாள். அந்த வீட்டு மேடம் தன் கொம்பியூட்டரில் பேச விடுவாள். பூரணிதான் அம்மாக்கண்ணுவின் ரகசியச் சொல்லை அடித்துக் கொடுப்பாள். திரையில் மகள் முகம் வந்ததும் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிறு முகம் வரவில்லை. மறுநாள் நிஷாந்தி கடை டெலிபோனில் கூப்பிட்டு அழுதாள். அம்மா பேரில் அந்த வீட்டுக்கு அசிங்கமான படங்கள் போயிருந்தன. இனி கொம்பியூட்டர் பக்கமே வரக்கூடாது என்று மேடம் சொல்லிவிட்டாளாம்.

பூரணி நுவரெலியாவிலிருந்து கொம்பியூட்டர் தெரிந்த வேறொருவரை வரவழைத்துக் காட்டினாள். "அடிக்கிற எழுத்தையெல்லாம் களவா அனுப்புற புரோகிராம் ஒண்ணு உள்ள இருக்குங்க. அந்தம்மா ரகசியச் சொல்லும் அப்படித்தான் போயிருக்கு. கேக்காமலே எல்லாத்தையும் உள்ள விடுற மாதிரி யாரோ மாத்தி வச்சிருக்காங்க. இது தானா மாறாது."

பூரணி ஹட்டனுக்கு டெலிபோன் எடுத்தாள்.

"இது ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்க்கா. ஒவ்வொரு புரோகிராமா பாத்துப் போடணும்னா வாரத்துக்கு ரெண்டு தடவ கூப்புடுவீங்க. யாரு ஓடி வாறது? ஒங்ககிட்ட சொன்னா வேணாம்னுதானே சொல்லுவீங்க?"

"அம்மன் பேர்ல சொன்னியேடா."

"அத விடுங்கக்கா."

"அம்மாக்கண்ணு அக்காகிட்ட நீயே வந்து சொல்லு."

"நான் வந்தா என் பேரு கெட்டுப்போகும்க்கா." வைத்துவிட்டான்.

பூரணி மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு மலையேறினாள். தோட்டத்து லயத்தில், தன் வீட்டு வாசலில் கொழுந்துக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப நானும் எம் புள்ளயும் பேசுனத எவனோ பாத்தானா?"

"தெரியலக்கா. பாத்திருக்கலாம்."

அம்மாக்கண்ணு கூடையைக் கீழே வைத்தாள். "நான் எழுதப் படிக்கத் தெரியாதவ பூரணியம்மா. எதுக்கு ஆமான்னு சொல்லணும், எதுக்கு வேணாம்னு சொல்லணும்னு ஒங்ககிட்டத்தானே விட்டேன்?"

பூரணி வெயிலில் நின்றாள். எப்போதும் பாய் விரித்து உட்காரச் சொல்கிற அம்மாக்கண்ணு, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.