முன்னேறியவர்கள் பட்டியலில் மிஷின் அக்கா

மிஷின் அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்து பதினொரு வருடம் ஆகிறது. மிஷின் நின்றுபோய் நான்கு வருடம் ஆகிறது. பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளம் வந்து வீட்டையும், பின்னாலேயே காய்ச்சல் வந்து புருஷனையும் கொண்டுபோன வருடம், ஆலயத்தின் உதவி அலுவலகம் அவளுக்கு ஒரு தையல் மிஷின் கொடுத்தது. பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு அது கைகொடுத்தது. ஏழு வயது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து பட்டன் தைக்கச் சொல்லிவிட்டு, தெருப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை எல்லாம் அவளே தைத்தாள். கேமராவோடு வந்தவர்கள் “ஏதாவது சொல்லுங்கக்கா” என்றார்கள். “இப்ப எனக்கு ஒரு குறையும் இல்ல” என்று வாயைக் கொடுத்துவிட்டாள். அந்த வாக்கியத்தோடு அவள் படம் ஆலயக் கூடத்தின் சுவரில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஓரக்கண்ணால் பார்த்து அவளும் கொஞ்சம் பூரித்துத்தான் போனாள். யார்தான் போகமாட்டார்கள்?

அப்புறம் கடைகளில் ரெடிமேட் துணி மலைபோல் வந்து குவிந்தது. பழுதான ஜிப்பை மாற்றித் தரச் சொல்லி இரண்டு பேர் வந்தால் அதிகம். மிஷினின் பெல்ட் அறுந்தது, மிதி துருப்பிடித்தது. அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மகளின் புத்தகங்களும் மருந்து டப்பாக்களும் மிஷின்மேல் குடியேறின.

ஆனால் வெளிநாட்டு விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். படத்தில் இருக்கிற அதே நீல உடுப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அக்காவும் டப்பாக்களை இறக்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து, பெல்ட்டுக்குப் பதில் கயிற்றைக் கட்டி மிதிப்பாள். நூல் இல்லாத ஊசி ஏறி இறங்கும். பிளீச்சிங் பவுடரில் வெடித்த அவள் கையைப் பிடித்துப் பார்த்து, தையல்காரியின் கை என்று அவர்கள் உருகுவார்கள். முகத்தை முறித்துக்கொள்வானேன் என்று அவளும் எல்லாப் பல்லையும் காட்டுவாள். அந்தப் பாவத்தில் அவளுக்கும் பங்கு உண்டு.

இந்த வருடம் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவி அலுவலகமே படிப்புச் செலவை ஏற்கும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அக்கா திங்கட்கிழமையே விண்ணப்பத்தோடு போய் நின்றாள். அங்கே பொறுப்பாளர் அவளைவிட இளையவர், கெட்டவர் இல்லை. பட்டியலைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அக்கா, நீங்க முன்னேறினவங்க லிஸ்ட்ல இருக்கீங்களே. அதுல ஏறினவங்களை மறுபடி இதுல சேர்க்க முடியாது.”

“எங்க தம்பி முன்னேறினேன்? ஆஸ்பத்திரில அழுக்குத் துணி துவைக்கிறேன். உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும்க்கா. மேல இருக்கிறவங்களுக்கு உங்க படம்தானே தெரியும்? உங்களைத் திருப்பி ஏழைன்னு எழுதினா, பதினோரு வருஷமா என்னதான் பண்ணீங்கன்னு எங்களைக் கேப்பாங்க.”

“அதைத்தான் தம்பி நானும் கேக்கறேன்.”

அவர் கையைப் பிசைந்தார். பிறகு, வியாழக்கிழமை விருந்தாளிகள் வருவதாகச் சொன்னார். விதியைத் தளர்த்த அவர்களால் முடியும்.

“நீங்களே வாயத் திறந்து சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்தாம நான் அவங்க பாஷைல சொல்றேன்.”

வியாழக்கிழமை அக்கா மிஷின் மேலிருந்த எதையும் இறக்கவில்லை. சலவைக் கூடத்துச் சீருடையிலேயே நின்றாள். விண்ணப்பத்தைப் பிடித்தபடி மகள் பக்கத்தில் நின்றாள். வந்தவர்கள் ஐந்து பேர்.

“இந்த மிஷின் நாலு வருஷமா ஓடல. நீங்க வரும்போது ஓட்டிக் காட்டினது நடிப்பு. மன்னிச்சிடுங்க. இப்ப நான் துணி துவைச்சுத்தான் சாப்பிடறேன். எனக்கு எதுவும் வேண்டாம். எம் பொண்ணைப் படிக்க வைங்க, அது போதும்.”

பொறுப்பாளர் சொன்ன சொல் தவறாமல் அதை அப்படியே அவர்கள் பாஷையில் சொன்னார். ஐந்து பேரில் மூத்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைக் கட்டிப்பிடித்தாள். அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மகள் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பொறுப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார். “உங்களுக்குப் புது மிஷின் தராங்களாம்க்கா. கரண்ட்டுல ஓடறது. இனிமே யார் கையையும் எதிர்பார்க்காம, பொண்ணு படிப்புக்கு நீங்களே சம்பாதிச்சுக்கலாமாம். அதுதான் உங்களுக்கு மரியாதையாம்.”

ஐந்து பேரும் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் வேனில் மிஷின் வந்து இறங்கியது. கூடவே கேமராவும் வந்தது. “ஏதாவது சொல்லுங்கக்கா,” என்றான் படம் எடுப்பவன்.

“பழசையே போட்டுக்குங்க. புதுசா எழுதற வேலையாவது மிச்சம்.”

அவன் சிரித்தான். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பான்.

அன்று மாலை அலுவலகம் மூடும்வரை விண்ணப்பம் மகளின் மடியிலேயே கிடந்தது. திங்கட்கிழமை சலவைக் கூடத்தில் ஈரப் போர்வை ஒன்றைப் பிழிய அக்கா ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை மகள் பிடித்தாள்.