கேமராவில் பேப்பர் படித்த மாமனார்

முடிச்சூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் வெள்ளத்தில் மூழ்கியதிலிருந்து என் மாமனார் மாடி அறையை விட்டு இறங்குவதே இல்லை. கீழே சமைத்துக்கொண்டே அவரைக் கவனிக்க, அவர் அறையில் கேமரா வைத்தோம். வைஃபை மாடிக்கு எட்டவில்லை. சுவரைத் துளைத்து கேபிள் இழுக்க மனமில்லாமல், படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்த ஒரே பிளக் பாயிண்டில் என் கணவர் வைஃபை சிக்னலை மாடிக்கு நீட்டித் தரும் எக்ஸ்டெண்டர் ஒன்றைச் செருகினார். போனில் படம் பளிச்சென்று வந்தது.

அது வாஷிங் மெஷினுக்கு வைத்த பிளக் பாயிண்ட். ஒருநாள் காலை எக்ஸ்டெண்டரைப் பிடுங்கிவிட்டு மெஷினைப் போட்டேன். சமையலுக்கு நடுவே இரண்டு முறை போனைப் பார்த்தேன். மாமனார் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறையும் ஒரே பக்கத்தை. எனக்கு உறைக்கவில்லை.

துணி காயப்போட மாடி ஏறினால், தரையில் கிடக்கிறார்.

"எவ்ளோ நேரமா மாமா?"

"கூப்ட்டேம்மா. மிஷின் சத்தத்துல உனக்கு கேக்கல. போன்ல பாப்பியேன்னு கேமராவப் பாத்து கைய ஆட்டிக்கினே கெடந்தேன்."

நான் பார்த்தது நெட் அறுந்த நொடியில் அப்படியே நின்றுபோன படம்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அதே மாடி அறைக்குத்தான் வந்தார், ஆனால் அப்புறம் நடக்கவில்லை. எக்ஸ்டெண்டருக்குத் தனி பிளக் பாயிண்ட் போட்டாயிற்று. இருந்தும் அரைமணிக்கு ஒருதரம் அடுப்பைக் குறைத்துவிட்டுப் படியேறுகிறேன். மாமனார் இப்போது கேமரா பக்கம் திரும்புவதில்லை. கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.