ஆங் மோ கியோ வேனும் நின்று நின்று ஓடிய விசிறியும்

சாங்கி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். தங்கச்சிக்குக் கொண்டுபோன முறுக்கையும் அதிரசத்தையும் ஒதுக்கிவிட்டு, இரண்டு வயர் தொங்கும் பல்பு ஒன்றை வெளியே எடுத்து, இது என்ன என்று கேட்டார். கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் பல்பு, என் தொழில் இது என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் கேமரா கொண்டுபோவார்கள். திருச்சி பாலக்கரையில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் நான் டெஸ்ட் லாம்ப் கொண்டுபோனேன்.

1983 டிசம்பர். கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லித்தான் தங்கை ரோஸ்லின் கூப்பிட்டிருந்தாள். வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. அவள் கணவர் சவரிமுத்து முன்பு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்த பிறகு, ஒரு பழைய வேனை வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த வேனில் ஒரு ஹீட்டர் உண்டு. வெந்து புழுங்கும் சிங்கப்பூரில் ஹீட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள், குளிர்நாட்டுக்கும் சேர்த்துச் செய்த வண்டி. சூடு வரும் குழாயை அடைத்துவிட்டார்கள். விசிறி மட்டும் இருந்தது. மழையில் பிள்ளைகள் மூச்சுவிட்டு முன்கண்ணாடி மங்கும்போது, அதைத் தெளிய வைப்பது அந்த விசிறிதான்.

அந்த விசிறி நினைத்தால் ஓடும், நினைத்தால் நின்றுவிடும். நவம்பரில் ஒரு நாள் கொட்டும் மழையில் கண்ணாடி மறைத்து, வேன் நடைபாதைத் திட்டில் ஏறிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தாய்மார்கள் பயந்துவிட்டார்கள். ஆங் மோ கியோவில் இவர்கள் குடியிருந்த அதே அடுக்குமாடி புளோக்கில் ஆறாவது மாடியில் இருந்த நூர்ஜஹான் அக்காதான் அவர்களுக்குத் தலைவி, அவருடைய மகனும் இந்த வேனில்தான் போகிறான். வேன் சரியானதும் மழையில் ஒரு தடவை தாம் முன்சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதாகவும், அதன் பிறகுதான் ஜனவரிக்குப் பிள்ளைகளை அனுப்புவது பற்றிச் சொல்வதாகவும் கறாராகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் வராவிட்டால் மாப்பிள்ளை மறுபடி சாரம் ஏற வேண்டும். அந்தத் தோளோடு.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். விசிறி என்பது ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச், ஒரு மோட்டார், நடுவில் கொஞ்சம் வயர். இதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?

மறுநாள் காலை ஏழு மணிக்கே புளோக்குக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் படுத்துவிட்டேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. மோட்டாரின் கார்பனைத் தேய்த்துத் துடைத்தேன். சுவிட்ச் மேல் சந்தேகம் வந்ததால், ஜாலான் புசார் பக்கம் பழைய சாமான் கடையில் நான்கு வெள்ளிக்கு, அங்கே டாலரை வெள்ளி என்பார்கள், வேறொன்று வாங்கி மாட்டினேன். இடையில் ஏதாவது புதிதாகப் பொருத்தினீர்களா, ரேடியோ, விளக்கு, ஏதாவது என்று தங்கையையும் மாப்பிள்ளையையும் கேட்டேன். ஒன்றுமே இல்லை என்றார்கள். விசிறி ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. வேலை முடிந்த திருப்தியில் செராங்கூன் ரோட்டில் இரண்டரை வெள்ளிக்கு வாழையிலைச் சாப்பாடு. ரசத்தில் புளி குறைவு. மற்றபடி நம்மூர் சாப்பாடுதான், மேஜை மட்டும் பளபளவென்று இருந்தது.

சாப்பிட்டுவிட்டு அப்படியே ஊரைக் காட்டுகிறேன் என்று மாப்பிள்ளை கிளப்பினார். தேக்கா சந்தையைத் தாண்டி, பூக்கடைகளைத் தாண்டி, ஓஃபிர் ரோட்டு மாதா கோவிலைக் கடந்தோம். விசிறி நின்றுவிட்டது.

எனக்குச் சுருக்கென்றது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. திருப்பத்தில் ஏதோ வயர் இழுபடுகிறது என்று எண்ணி, வழியில் கண்ட திருப்பத்தில் எல்லாம் வேனை வளைத்து ஓட்டச் சொன்னேன். பயனில்லை. ஆற்றைக் கடந்து குவீன்ஸ்டவுன் போனோம், தேக்காவிலிருந்து எட்டு கிலோமீட்டர் இருக்கும். பழைய அடுக்குமாடிகள், கீழே கோப்பிக் கடைகள், கூடாரத்தைக் கவிழ்த்தது போன்ற கூரையோடு ஒரு தேவாலயம். அதைக் கடந்ததும் விசிறி தானாக ஓட ஆரம்பித்தது. இப்போது மேடுபள்ளம்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். மேடுபள்ளத்துக்கு அந்த ஊரில் எங்கே போவது? சாலை எல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார்கள்.

பிடோக் பக்கம் கடற்காற்று வாங்கப் போகும் வழியில் இன்னொரு தேவாலயம் வந்தது. வழக்கம்போல நான் தலை குனிந்து சிலுவை போட்டுக்கொள்ளக் கையை எடுத்தேன். அதற்குள் மூக்கில் எறும்பு கடித்த மாதிரி ஒரு தும்மல் வந்து தொலைத்தது. தும்மி நிமிர்ந்தபோது மாப்பிள்ளை ஸ்டீயரிங்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை நீட்டி, டேஷ்போர்டின் நடுவில் நின்ற வேளாங்கண்ணி மாதா சிலையின் பாதத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டிருந்தார். விசிறி நின்றுபோயிருந்தது.

மற்ற இரண்டு இடங்களிலும் அவர் அதையே செய்திருக்கிறார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன், அதனால் பார்க்கவில்லை.

ஓரமாக நிறுத்தச் சொல்லி, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்தேன். சொரூபத்தைப் பிடித்துவைத்திருந்த ஸ்க்ரூ விரல் நீளம். பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, விசிறிக்குப் போகும் வயரின் நடுவயிற்றில் குத்தியிருந்தது. செம்புக் கம்பிகள் அறுந்துபோய், அறுந்த இரண்டு பக்கத்துக்கும் அந்த ஸ்க்ரூவே பாலமாக நின்றது. பாதத்தைத் தொட்டால் ஸ்க்ரூ அசையும். அசைந்தால் பாலம் விடும், சில நேரம் சேரும். ஷார்ட் ஆகாததால் ஃபியூஸ் போகவில்லை. நான் மாட்டிய சுவிட்ச் வீண்.

வெளியே வந்து விவரத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை தூரத்தில் தெரிந்த கடலைப் பார்த்தபடி, அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டும் 'லா'வோடு சொன்னார்: "மழையில நின்னுச்சுன்னா நான் மாதாவத் தொடுவேன் மச்சான். சில நேரம் உடனே ஓடும். அவங்கதான் ஓட்டிவிடுறாங்கன்னு இருந்துட்டேன். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு லா."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

மாலையில் வீடு திரும்பி, சொரூபத்தைக் கழற்றி முன்சீட்டில் ஒரு துண்டை விரித்துக் கிடத்தினேன். வயரைச் சேர்த்து ஈயம் பற்றவைத்து, டேப் சுற்றி, ஓரமாகத் தள்ளிக் கட்டினேன். தேநீரோடு கீழே இறங்கி வந்த ரோஸ்லின் சொரூபம் கிடந்ததையும் என் கையில் இருந்த ஸ்க்ரூவையும் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் தோள் குணமாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டபடி, வேன் வாங்கிய அன்றே அவள் தன் கையால் முடுக்கிய ஸ்க்ரூ அது. பசை போட்டால் வெயிலில் இளகி விழுந்துவிடுமாம். நான் கேட்டபோது ஒன்றும் பொருத்தவில்லை என்று அவள் சொன்னது பொய் இல்லை. ரேடியோவோடும் விளக்கோடும் மாதாவைச் சேர்த்து எண்ண யாருக்குத் தோன்றும்?

"அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு போட்டேண்ணே. நானே கவுக்கப் பாத்திருக்கேன்," என்றாள். சொரூபத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். இனி அது வீட்டிலேயே இருக்கட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாளாம். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. குறையைக் கண்டுபிடித்த பெருமையை நான் டெஸ்ட் லாம்போடு சேர்த்துப் பெட்டியில் வைத்து மூடினேன்.

இரண்டு நாள் வானம் முரண்டு பிடித்தது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, அந்த ஊருக்கே உரிய விதத்தில், முன்னறிவிப்பே இல்லாமல் மழை கொட்டியது. மாப்பிள்ளை ஆறாவது மாடிக்கு ஓடினார். நூர்ஜஹான் அக்கா முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து முன்சீட்டில் ஏறினார். பின்னால் நானும் ரோஸ்லினும், மூச்சுவிட ஆள் வேண்டும் என்று கூட்டிவந்த அந்தப் புளோக்குப் பிள்ளைகள் சிலரும். விசிறியைப் போட்டதும் கண்ணாடியின் அடியிலிருந்து தெளிவு மேலே ஏறியது. ஆங் மோ கியோவை ஒரு சுற்று சுற்றினோம். எதிரே வந்த பஸ்ஸின் எண்ணை நான் பின்சீட்டிலிருந்தே படித்தேன். மாப்பிள்ளை ஒரு தடவைகூடக் கண்ணாடி துடைக்கும் துணியை எடுக்கவில்லை.

அக்கா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை போலிருந்தது. டேஷ்போர்டில் காலியாகக் கிடந்த அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதா எங்கே என்று கேட்டார். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார், ரோஸ்லின் முடுக்கியதை மட்டும் விட்டுவிட்டு. அதை ரோஸ்லின் தானே பின்னாலிருந்து சொன்னாள்.

அக்கா திரும்பி அவளைப் பார்த்தார். "திரும்ப வச்சிடுமா," என்றார். "அங்கிள் அதத் தொட்டுட்டா அப்புறம் மெதுவாத்தான் ஓட்டுவாருன்னு என் மகன் சொல்வான். எனக்கு அந்தக் காத்தும் வேணும், அந்த மெதுவும் வேணும். ஜனவரில எல்லாப் புள்ளைங்களும் வரும், தம்பி. நான் சொல்லிடுறேன்."

ரோஸ்லின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வேன் நின்றதும் என் பக்கம் திரும்பி, "எங்க வயர் இல்லையோ, அங்க நீயே வச்சுக் குடுண்ணே," என்றாள். திருச்சியில் எத்தனையோ வண்டிகளில் வயரைத் தேடியிருக்கிறேன், வயர் இல்லாத இடத்தைத் தேடியது அன்றுதான். டேஷ்போர்டில் பழைய ஓட்டைக்குச் சற்று இடப்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. நகம் அளவு ஸ்க்ரூ போதுமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் என்னை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். வழியில் ஒரு தேவாலயம் வந்தது. மாப்பிள்ளை கையை எட்டிப் போட்டு மாதாவின் பாதத்தைத் தொட்டார். நாங்கள் மூவரும் கும்பிட மறந்து விசிறியையே பார்த்தோம். அது ஓடிக்கொண்டே இருந்தது. கோவில் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் ரோஸ்லினுக்கு நினைவு வந்து, திரும்பி உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள். நாங்களும் போட்டுக்கொண்டோம்.