வெள்ளாட்டுக் குட்டிகளும் நீல மருந்தும்

பக்கத்து அறை அக்கா ஊருக்குக் கப்பலேறிய வருஷம்தான் நான் ஆடு வளர்க்கத் தொடங்கினேன். ரப்பரும் ஈயமும் விலை விழுந்து, மலாய் நாட்டு ரயில்வேயில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டி எங்கள் லயம் இருந்தது. ஒரே நீளக் கூரை, அதன் கீழ் வரிசையாக அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவே இருந்த பலகைச் சுவர் கூரை வரை எட்டாது. அதனால் அக்கா தன் அடுப்படியில் இருந்தபடியே, "ஏ புள்ள, புளி இருக்கா?" என்று கேட்பாள். நான் என் அடுப்படியில் இருந்தபடியே பதில் சொல்வேன். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் பேசியது அவளோடுதான்.

என் கணவர் சரக்கு வண்டியில் பிரேக்ஸ்மேன். வடக்கே பிறை ஸ்டேஷன் வரைக்கும் போவார். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆள் குறைத்த பிறகு மிஞ்சியவர்கள் தலையில் இரட்டை வேலை விழுந்தது. எங்களுக்குக் குழந்தையும் இல்லை.

அக்காவின் புருஷன் தண்டவாளம் பழுது பார்க்கும் கூட்டத்தில் இருந்தவர். அவருக்குச் சீட்டுக் கிழிந்தது. கிள்ளான் துறைமுகத்துக்கு ரயில் ஏறும் அன்று காலையில் அக்கா தன் வெள்ளாட்டைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே இரண்டு குட்டிகளும் வந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று செம்மண் நிறம்.

"கசாப்புக்குக் குடுக்க மனசு வரல. நீயே வச்சுக்க."

"எனக்கு ஆடு வளக்கத் தெரியாதேக்கா."

"ஆட்டுக்கு என்ன தெரியணும்? தழையப் போடு, தண்ணியக் காட்டு. அது பாட்டுக்கு வளரும்."

கயிற்றை என் கையில் திணித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவர்கள் போன மாதத்திலேயே லயத்தில் இன்னும் பல அறைகள் காலியாயின. சுவருக்கு மேலே அந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. தாளிக்கும் வாசனையும் வரவில்லை.

ஆற்றங்கரைச் சரிவில் புல் நன்றாக மண்டிக் கிடந்தது. அங்கே ரயில் வராது என்பதால் ஆட்டை அங்கேயே, ஒரே மரத்தில் கட்டினேன். தினமும் பின்னேரம் மழை. தரை காய்ந்ததே இல்லை. பொழுது புலர்ந்ததும் ஓட்டிக்கொண்டு போவேன். வீட்டில் அடைந்து கிடப்பதற்கு அது எவ்வளவோ தேவலை. குட்டிகள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். என்ன சமைக்கலாம் என்று அவற்றிடம்தான் கேட்பேன்.

முதலில் கறுப்புக் குட்டிதான் துள்ளுவதை நிறுத்தியது. தாய்க்குப் பின்னால் தயங்கித் தயங்கி வந்தது. முடி பளபளப்பு போய்ச் சிலிர்த்து நின்றது. கழிச்சலும் கண்டது. பிறகு ஒரு நாள் தாடைக்குக் கீழே, தண்ணீர் நிரம்பிய பை தொங்குவது போல வீங்கியிருந்தது. ஏதோ விஷப்பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்து மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டேன். கோயில் பக்கத்து வேப்ப மரத்தில் கொழுந்து பறித்து, அரைத்து உருட்டி விழுங்க வைத்தேன். காலையில் வடிந்த வீக்கம் சாயங்காலம் திரும்ப வந்தது.

என் கணவர் வந்தபோது அதைத் தூக்கிப் பார்த்தார். எடையே இல்லாமல் இருந்தது.

"வயித்துல பூச்சியா இருக்கும். அரசாங்க மாட்டு ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு. அடுத்த தடவை வரும்போது கூட்டிட்டுப் போறேன். நீ தனியாப் போகாத."

அவர் போன பிறகு ஒரு விடியலில் கறுப்புக் குட்டி செத்துக் கிடந்தது. தாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. செம்மண் குட்டியின் தாடையைத் தடவிப் பார்த்தேன். விரலுக்குக் கீழே மெத்தென்று ஏதோ அமுங்கியது.

காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. செத்ததைக் கூடையில் வைத்துச் சாக்கால் மூடித் தலையில் ஏற்றிக்கொண்டேன். உயிரோடு இருந்ததை இடுப்பில் வைத்துக்கொண்டேன். எது கொன்றது என்றாவது யாராவது சொல்லட்டும் என்றுதான் செத்ததையும் எடுத்துப் போனேன். அந்த ஊரில் நான் தனியாக அவ்வளவு தூரம் நடந்ததே இல்லை. சீனர் கடைகளின் முன்னால் நின்றவர்கள் என்னையும் கூடையையும் பார்த்தார்கள். யாரிடமும் வழி கேட்க வாய் வரவில்லை. கடைசியில் ஒரு மாட்டு வண்டிக்காரரைப் பார்த்து, அவர் பின்னாலேயே போனேன். அவர் மாட்டுக்குக் குளம்பில் புண். நல்லவேளை, அவரும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் இல்லை. மருந்து கொடுக்கும் டிரெஸர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நடுத்தர வயது, நெற்றியில் திருநீறு.

"என்ன பிள்ளை, என்ன கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மனிதர் யாரோடும் பேசி நாட்கள் ஆகியிருந்தன என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. குவளையில் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடையை மெதுவாக இறக்கிச் சாக்கை விலக்கினார்.

"குட்டி செத்துப் போச்சுங்க. ஏன்னு தெரியல."

"வெட்டிப் பாக்கலாமோ? உங்களுக்குப் பயமெண்டா வெளியில நில்லுங்கோ."

"இல்லீங்க, பாக்கிறேன்."

பின்புறத்தில் இருந்த சிமெண்டுத் திட்டில் வைத்து வயிற்றைக் கிழித்தார். உள்ளே ரத்தமே இல்லாதது போல எல்லாம் வெளிறிக் கிடந்தது. "ஆட்டுக்கு வயிறு நாலு. இது நாலாவது," என்று சொல்லி ஒரு பையைப் பிளந்து விரித்தார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். தலைமயிர் போன்ற மெல்லிய புழுக்கள், சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கியது போல, கொத்துக் கொத்தாக நெளிந்துகொண்டிருந்தன. குட்டி செத்த பிறகும் அவை சாகவில்லை.

"இதுகள்தான் ரத்தத்தைக் குடிச்சுப் போட்டுது."

"வேப்பிலை குடுத்தேங்க."

"குடுத்தது பிழையில்லை. ஆனா இது வேப்பிலைக்கு அசையாது."

பிறகு செம்மண் குட்டியை வாங்கி, அதன் கண்ணின் கீழ் இமையைக் கட்டை விரலால் இறக்கிக் காட்டினார். உட்புறம் சோறு போல வெளுத்திருந்தது.

"இதில ரத்தச் சிவப்பு இருக்க வேணும். இதுக்கும் பூச்சிதான். எண்டாலும் எழும்பி நிக்குது, பாப்பம். எங்க மேய விடுறனீங்கள்?"

"ஆத்தங்கரையிலங்க. நல்ல பச்சையா இருக்கும்."

"அங்கதான் பிடிச்சிருக்குது. புழுக்கையோட பூச்சியின்ர முட்டை விழும். பொரிச்ச குஞ்சுகள் ஈரப் புல்லில ஏறி நிக்கும். குட்டி புல்லோட சேத்து அதையும் திண்டு போடும். இனி வெயில் ஏறி, பனி காய்ஞ்ச பிறகு விடுங்கோ. ஒரே இடத்தில கட்டாதேங்கோ. மலாய்க்காரர் கிராமத்தில ஆட்டுக் கொட்டிலை மரக் காலில உயத்திக் கட்டியிருப்பினம், பாத்தனீங்களோ? புழுக்கை கீழ விழுந்திடும், ஆடு மேல காய்ஞ்ச பலகையில நிக்கும்."

உள்ளே போய் ஒரு போத்தல் கொண்டு வந்தார். மயில் கழுத்து நிறத்தில் தண்ணீர். மயில்துத்தம் கரைத்தது என்றார். கூடவே ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து, அதில் இரண்டு கோடு கீறினார். கீழ்க் கோடு குட்டிக்கு, மேல் கோடு தாய்க்கு.

"இது நஞ்சு, பிள்ளை. கோட்டுக்கு மேல ஒரு சொட்டும் வேண்டாம். நாளைக்குக் காலமை வெறும் வயித்தில குடுங்கோ. தலையை அண்ணாந்து பிடிக்காதேங்கோ, மருந்து மூச்சுக்குழலுக்க போயிடும். நேராப் பிடிச்சு, கடைவாயால மெல்ல மெல்ல விடுங்கோ. இருமினா உடன விட்டிடுங்கோ. வீட்டில ஆர் பிடிப்பினம்?"

"பிடிக்க ஆள் இருக்குங்க," என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் இல்லை என்று ஒரு அந்நிய ஆண்பிள்ளையிடம் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அளவு பார்த்து ஊற்றி வைத்துவிட்டுக் குட்டியைப் பிடித்தேன். ஒரு கையால் தாடையைப் பிடித்தால் உடம்பு வழுக்கிக்கொண்டு போனது. உடம்பை அணைத்தால் குப்பியை எடுக்கக் கையில்லை. என்னை அறியாமல் தலையை நிமிர்த்தி, "அக்கா, கொஞ்சம் வந்து புடிக்கா!" என்று சுவருக்கு மேலே குரல் கொடுத்துவிட்டேன். அந்த அறையில் என் குரல் போய் மோதித் திரும்பியது. குட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அதற்கு ஒன்றும் புரியவில்லை. என் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

பிறகு சுவர் மூலையில் குந்தி, முழங்கால்களுக்கு நடுவில் அதை நெருக்கிப் பிடித்துக்கொண்டேன். விரலால் கடைவாயைப் பிரித்துக் குப்பியை வைத்தேன். பாதி இறங்கியபோது இருமியது. உடனே விட்டுவிட்டேன். அது தலையை உதறிக்கொண்டு நின்றது. அது மறுபடி சீராக மூச்சு விடும் வரை பார்த்துவிட்டு, மீதியைச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். தாய்க்குக் கொடுப்பது எளிதாக இருந்தது. அதன் கொம்பைப் பிடித்துக்கொள்ள முடிந்தது.

அன்று முழுக்கக் குட்டி சுருண்டு படுத்துக் கிடந்தது. நான் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. பலா இலை ஒடித்து வந்து வாயருகே நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. இருட்டும் நேரத்தில் எழுந்து தாயிடம் முட்டிப் பால் குடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே பழைய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன்.

தாடை வீக்கம் மெல்ல வற்றியது. தினமும் வெளிச்சத்தில் கொண்டு போய் இமையை இறக்கிப் பார்ப்பேன். வெளுப்பில் ஒரு நாள் இளஞ்சிவப்பு தெரிந்தது போல இருந்தது. எனக்கு நம்பிக்கையில்லை. அடுத்த நாளும் தெரிந்தது.

என் கணவர் வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். நான் தனியாகப் போனதற்குக் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "செத்ததைத் தலையில வச்சிட்டா நடந்து போன?" என்று மட்டும் கேட்டார். பிறகு வெளியே போய், தண்டவாளத்திலிருந்து கழித்துப் போட்ட சிலிப்பர் கட்டைகளையும் பலகைகளையும் சுமந்து வந்தார். கட்டைகளைக் கால்களாக நட்டு, பலகைகளை இடைவெளி விட்டு அடித்து, பரண் போல ஒரு கொட்டகை கட்டினார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பகல் முழுதும் ஒரே வேலை செய்தது அதுதான் முதல் தடவை. கூரைக்கு ஓலை வேயும் முன்பே டியூட்டிக்கு அவரைக் கூப்பிட ஆள் வந்துவிட்டது. ஓலையை நானே கட்டினேன்.

சில வாரம் கழித்து இன்னொரு தடவை மருந்து கொடுக்க வேண்டும் என்று டிரெஸர் சொல்லியிருந்தார். இந்த முறை வழி தெரியும். எண்ணெய் வைத்துத் தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். குட்டி பிழைத்ததை, இமை சிவந்ததை, கொட்டகை கட்டியதை எல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்று நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன்.

அங்கே வேறொருவர் இருந்தார். முன்னவர் பகாங் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டாராம்.

"எத்தனை ஆடு?" என்று கேட்டார் புதியவர்.

"தாயும் குட்டியும்ங்க. குட்டி பொழைச்சிடுச்சுங்க."

"நல்லதும்மா," என்று போத்தலை நிரப்பிக் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற ஆளை அழைத்தார்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. போத்தலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நனைந்தபடியே வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் பழையபடி மூலையில் குந்தி, குட்டியை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்தேன். குப்பி அதன் வாய்க்குப் போகும் முன்பே அது ஒரு உதை விட்டது. நான் மல்லாக்க விழுந்தேன். மருந்து முழுவதும் என் சேலையில் நீலமாகக் கொட்டியது. அது வாசல் வரை ஓடி, திரும்பி நின்று என்னைப் பார்த்துக் கத்தியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலி லயத்தில் என் சிரிப்பை நானே கேட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் தரையிலேயே கிடந்தேன். பிறகு எழுந்து, குப்பியில் மறுபடி கோடு வரைக்கும் ஊற்றி வைத்துவிட்டுக் குட்டியைப் பிடிக்கப் போனேன்.