ராத்தாவிடம் இருந்த ஆறு சொற்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இப்படிப்பட்டவள் தன் சொத்தின் சாவியில் பாதியைக் கூடப்பிறந்தவளின் கையில் கொடுத்து வைக்கலாமா? நான் வைத்தேன்.

மாத்தளையில் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுச் சிறுவர் கதைகளுக்குப் படம் வரைந்து கொடுக்கிறேன். கூலி கிரிப்டோ என்கிற இணையக் காசாக வரும். போனில் உள்ள வாலட்டில் மூன்று வருட உழைப்பு அப்படியே கிடந்தது, வரைவதற்கென்று பின்பக்கம் ஓர் அறை கட்ட. போன் போனாலும் பயமில்லை. வாலட் தொடங்கும்போது தருகிற பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வரிசை மாறாமல் வேறு போனில் போட்டால் காசு திரும்பிவிடும். சொற்களும் தொலைந்தால் அம்போதான்.

தாளில் எழுது, படம் எடுக்காதே, யாருக்கும் போனில் சொல்லாதே, ஒரே இடத்தில் வைக்காதே என்றான், இதற்காக நான் பார்த்த வீடியோவில் வந்தவன். முதல் ஆறை என் அலுமாரியில் வைத்தேன். மற்ற ஆறை உறையில் போட்டு ஒட்டி, வில்கமுவயில் வயல் செய்கிற என் மூத்தவள் ராத்தாவிடம் கொடுத்தேன். என்ன மூளை எனக்கு! ஆனால் பிரித்து வைக்கச் சொன்னவன், வாங்கி வைத்தவளோடு சண்டை பிடிக்காதே என்று சொல்லவில்லையே.

சண்டை ஒரு கலியாண வீட்டில் வந்தது. ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய சோற்றுச் சகனைச் சுற்றி உட்கார்ந்திருந்த பொம்பளைகளுக்கு முன்னால் ராத்தா, "எங்கட தங்கச்சி போனுக்குள்ள காசு வெச்சிருக்காளாம்" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சேறு மிதிக்கிறவங்களுக்கு இது எங்க வெளங்கும்?" என்றேன். சிரிப்பு நின்றது. ராத்தா கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனாள். அதன் பிறகு பதினான்கு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. அவளே முதலில் பேசட்டும் என்று நானும் இருந்தேன். அந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை அதிகம்.

போன மழைக்கு, மாத்தளை பஸ் நிலையத்தில் குடையை விரிக்கப் போய்ப் போனைத் தெருவோரத்துத் திறந்த வடிகானுக்குள் விட்டேன். தண்ணீர் அதை அள்ளிக்கொண்டு போனது. "அல்லாவே!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒரு கண்டக்டர் பஸ்ஸை விட்டே இறங்கி வந்துவிட்டார்.

புதுப் போன் வாங்கினேன். அலுமாரியில் இருந்து ஆறு சொல்லை எடுத்தேன். மிச்சம்?

"நீங்க போய் வாங்கிட்டு வாங்களேன்" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"சண்டைக்கு மட்டும் நீ, சமாதானத்துக்கு நானா?" என்று அவர் பேப்பரைத் திருப்பினார்.

மறுநாள் நாவுல வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, கடைசியில் ஒரு திரீவீல். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த ராத்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"கடிதாசிக்கா வந்தே?"

ஒத்திகையெல்லாம் பறந்தது. "ஓ" என்று தலையாட்டினேன்.

உள்ளே போய், காணிப் பத்திரம் வைக்கிற பையைக் கொண்டுவந்து, அதிலிருந்து உறையை எடுத்துத் தந்தாள். நான் ஒட்டிய பசை ஒட்டியபடியே இருந்தது. பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் முன்னால் வைத்தாள். இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. வயல் வரப்பில் ஏறி நின்று, பன்னிரண்டு சொல்லையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு என் காசு முழுதும் வந்து நின்றது. நான் குதித்த குதியில் வரப்பு ஓரம் இடிந்து ஒரு கால் சேற்றுக்குள் போய்விட்டது.

"ராத்தா, வந்திருச்சு! எல்லாம் வந்திருச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவள் ஒரு வாளி தண்ணீரோடு வந்து என் காலைக் கழுவிவிட்டாள். வேண்டாம் என்று இழுத்தும் விடவில்லை.

"மூணு மணி பஸ்ஸ விட்டா இன்னைக்கு வேற இல்ல. கெளம்பு" என்றாள்.

நான் பையை எடுத்துத் தோளில் போட்டேன்.

"ஆறு சொல்லுக்கு இம்புட்டுத் தூரம் வந்தே" என்றாள், வாளியைப் பார்த்தபடி. "அன்னைக்கு அந்தக் கலியாண வீட்ல சொன்னதுக்கு வந்திருந்தா, நான் கோழி அறுத்திருப்பேன் புள்ள."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சொல்ல வேண்டியதை, வாய் குளறி, அழுது அழுது அப்போதுதான் சொன்னேன். ராத்தாவும் அழுதாள், நடுவில் ஒருமுறை நன்றாகத் திட்டவும் செய்தாள். தூரத்துத் தெருவில் மூன்று மணி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நான் பையை இறக்கி வைத்தேன். ராத்தா கோழிக் கூட்டைத் திறக்கப் போனாள்.